மேயர் வீட்டுக் கிணறு

வாங்க சார்வாள், வாங்க. வெயில்ல நிக்காதீங்க. நோட்டீஸை அப்புறம் படிக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல இந்தப் பெஞ்சில உக்காருங்க. அக்கா, முனிசிபாலிட்டி சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்திருக்காரு. நம்ம கிணத்துத் தண்ணி ஒரு செம்பு கொண்டா.

என்ன யோசிக்கீங்க? கிணத்தை மூட வந்த மனுஷன் அந்தக் கிணத்துத் தண்ணியையே குடிக்கலாமான்னா? பாருங்க, அக்காவே கதவுக்குப் பின்னால நின்னு சொல்லுதா, பயப்படாமக் குடிங்கன்னு. அவ அன்னிய ஆம்பளைகிட்ட வாயைத் திறக்கிறவ இல்லை. உங்களைப் பார்த்தா என்னமோ தோணியிருக்கு. அண்ணாந்து குடிங்க, இந்த வீட்டுப் பழக்கம் அது. எப்படி இருக்கு? இனிக்குதா இல்லையா? சொல்லுங்க. ஆங். இந்த ஜில்லாவுல இப்படி ஒரு தண்ணி கிடையாது சார்வாள்.

என்னையே பாருங்களேன். எனக்கு அம்பத்தெட்டு வயசு. பதினோரு வருஷமா ஒரு நாள் பாயில படுத்ததில்லை. அதுக்கு முந்தி மாசத்துல நாலு நாள் எனக்கு வயிறு சரியிருக்காது. வைத்தியர் லேகியமாக் குடுத்துத் தள்ளுவாரு, அதுவும் ஒண்ணும் கேக்காது. பிறகு தானா நின்னு போச்சு. உடம்புக்கு இந்தத் தண்ணி பழகுறதுக்கு அத்தனை வருஷம் ஆயிருக்கு, வேறென்ன? இந்தக் கிணத்தைப் போய் மூடணும்னு எவனோ ஒரு வேலையத்தவன் மனு எழுதிப் போட்டிருக்கான். யாருன்னு எனக்குத் தெரியும். அடுத்த தெரு சுப்பையா முதலியார். அக்கா புருஷன், எங்க அத்தான் படம் திறக்கிற விஷயம் அவருக்கு வயித்தெரிச்சல்.

படம்னா சாதாரணப் படமா? ஆளுயரம். எண்ணெய் வர்ணம். வர்ற பங்குனி உத்திரத்தன்னைக்கு கவுன்சில் ஹால்ல திறக்கப் போறாங்க. மாஜி சேர்மன் ஈஸ்வரமூர்த்தி பிள்ளை, தென்பரங்குளத்துக்குக் குழாய்த் தண்ணி கொண்டாந்த மகான். அன்னைக்கே நானும் என் பங்குக்கு வாசல்ல ஒரு தண்ணீர்ப்பந்தல் வைக்கப் போறேன். நாலு பானை, வெட்டிவேர் போட்டு, இந்தக் கிணத்துத் தண்ணி. திருநாளுக்கு வர்ற ஜனம் பூராவும் குடிச்சிட்டு மேயர் வீட்டை வாழ்த்திட்டுப் போகணும்.

சிரிக்கீங்களே. மேயரான்னு கேக்கீங்க. வாசல்ல போர்டைப் பார்த்திருப்பீங்க, 'மேயர் வீடு'ன்னு. ஊருக்கு அவர் சேர்மன்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஒரு நாள் கலெக்டர் துரை பங்களாவுல டீ பார்ட்டி. துரைசானி அத்தான் கையைப் பிடிச்சுக் குலுக்கி, 'நீங்கதான் இந்த ஊர் மேயரா'ன்னு கேட்டுச்சு. அத்தானும் ஆமான்னுட்டாரு. வெள்ளைக்காரி வாயால சொன்ன பட்டத்தை வேண்டாம்னு சொல்ல முடியுமா? மறுநாளே நான் பெயிண்டரைக் கூட்டியாந்து போர்டு எழுதிட்டேன். மெட்ராஸுக்கே இப்பத்தான் ரெண்டு வருஷமா மேயர்னு ஒருத்தர். எங்க அத்தான் அதுக்குப் பத்து வருஷம் முந்தியே மேயர்.

அவரை மேயராக்கினது யாருன்னு ஊர்ல கேட்டுப் பாருங்க. நாந்தான். நான் இவருக்கு மைத்துனன், அக்கா ஆவுடையம்மாளுக்குக் கூடப் பிறந்தவன், பேரு குத்தாலிங்கம். அக்காவுக்கு ஒத்தாசையா ஒரு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தேன். இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் ஒத்தாசைதான் பண்ணிட்டிருக்கேன். அந்த எலெக்சன்ல மொத்தம் பதினாறு கவுன்சிலர். ஒம்பது பேர் கை தூக்கினா சேர்மன். அந்த ஒம்பது பேரையும் எதிர்க் கட்சிக்காரன் கண்ணுல படாம குத்தாலத்துக்கு ஓட்டிட்டுப் போனேன். சீசன் சமயம். பன்னிரண்டு நாள் காலையில அருவி, மத்தியானம் விருந்து, சாயந்தரம் சீட்டு. அரிசி மண்டி ஆறுமுகம்னு ஒருத்தன் அஞ்சாம் நாளே வயித்து வலின்னு ஊருக்கு நழுவப் பார்த்தான். நானும் விடலை, அவன் கொல்லைக்குப் போறப்பக் கூட வாசல்ல செம்போட நின்னேன். ஓட்டு அன்னைக்கு ஒம்பது பேரும் கை தூக்கினாங்க. அவன் மட்டும் என்னைப் பார்த்துக்கிட்டே தூக்கினான்.

சரி, கிணத்துக்கு வாறேன். அவசரப்படாதீங்க.

அத்தானுக்கு ஒரே கனவு சார்வாள். ஊர்ல வீதிக்கு வீதி குழாய் வைக்கணும். ஆத்துத் தண்ணியை வடிகட்டி, மேட்டுத் தொட்டியில ஏத்தி, திருகினா கொட்டணும். வருஷா வருஷம் இந்த ஊர்ல வாந்திபேதி வந்து சனம் சாகும். கிணத்துத் தண்ணிதான் காரணம்னு ஒரு டாக்டர் சொல்லிட்டாரு, அதை அப்படியே பிடிச்சிக்கிட்டாரு அத்தான். ரெண்டு வருஷம் அலைஞ்சாரு. மெட்ராஸுக்கும் ஊருக்குமா ரயில்லயே குடியிருந்தாரு. நல்ல மனுஷன். அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வீட்டு ஆசாரம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதைப் பார்த்துக்க வேண்டியது நான்.

நம்ம தெருவுல குழாய் மாட்டுற அன்னைக்கு நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். அந்த பிட்டர் பையன் திருகுக்கு உள்ள வட்டமா ஒண்ணை வைக்கான். என்னடா இதுன்னேன். வாஷருன்னான். எதுல செஞ்சதுன்னேன். தோலுன்னான். எந்தத் தோலுன்னேன். சிரிச்சுக்கிட்டே மாட்டுத் தோலுதான் சாமிங்கான். மூணு வேளையும் திருநீறு பூசுற குடும்பம், முட்டைக்கோசையே வாசம் பார்த்து வாங்குற வீடு. அத்தான்கிட்ட ஓடினேன். மாட்டுத் தோல்ல பட்டு வர்ற தண்ணியை நாம குடிக்கிறதா அத்தான்னு கேட்டேன்.

"ஏன் மாப்ளே, கோயில் மேளத்துல இருக்கிறது மட்டும் என்னவாம்? தோல்தானே?" அப்படின்னாரு.

"மேளத்தை யாரும் குடிக்கிறதில்லையே அத்தான்" அப்படின்னேன்.

அவருக்கும் உள்ளுக்குள்ள உறுத்தல்தான். இல்லேன்னா என் பேச்சைக் கேப்பாரா? திறப்பு விழாவுல கலெக்டர் குழாயைத் திருகினாரு, அத்தான் எல்லாருக்கும் முன்னால ஒரு டம்ளர் குடிச்சாரு, ஜனம் கைதட்டிச்சு. வீட்டுக்கு வந்து கிணத்தடியில நாலு வாளி ஊத்திக் குளிச்சிட்டுத்தான் சாப்பிட உக்காந்தாரு. அந்த விழாவுல கடவுள் வாழ்த்துப் பாடினது யாரு தெரியுமா? என் மருமக வடிவு. அத்தானுக்கு ஒரே மக. ஒம்பது வயசு. பச்சைப் பாவாடை கட்டிக்கிட்டுப் பாடினா.

பிறகு அத்தான் உத்தரவு போட்டாரு. வாந்திபேதிக் காலம் வர்றதுக்குள்ள எங்க தெருவுலயும் பக்கத்துத் தெருவுகள்லயும் உள்ள வீட்டுக் கிணறு எல்லாத்தையும் மூடணும். மொத்தம் நாப்பத்து நாலு. சனம் அழுதுச்சு, மண்ணை வாரித் தூத்துச்சு. கல்லுப் பலகையைப் போட்டு ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வந்தாங்க. நம்ம வீட்டு வாசல்லயும் வந்து நின்னாங்க. அன்னைக்கு எனக்கு வேலை செஞ்சுது பாருங்க மூளை.

கிணத்து மேல நல்ல தேக்குப் பலகை ஒண்ணைப் போட்டேன். அது மேல ஒரு பிள்ளையாரைக் கொண்டாந்து வெச்சேன். ஆத்தங்கரையில கேப்பாரில்லாமக் கிடந்தவர்தான். சந்தனம், அருகம்புல், ஒரு விளக்கு. அப்ப இருந்த இன்ஸ்பெக்டர், உங்களுக்கு முந்தி முந்தி இருந்தவரு, வந்து பார்த்தாரு. செருப்பைக் கழட்டிட்டு மூணு தோப்புக்கரணம் போட்டாரு. மூடியாச்சுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டுப் போயிட்டாரு. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

தினம் விடியுற நேரத்துல பிள்ளையாரை எறக்கித் துவைக்கிற கல்லு மேல உக்கார வைப்பேன். பலகையை நகட்டுவேன். பன்னிரண்டு குடம் எறைப்பேன். மறுபடி பலகை, மறுபடி பிள்ளையார். கனம்னா கனம், ரெண்டு ஆள் தூக்கணும், நான் ஒருத்தனே தூக்குவேன். வெள்ளிக்கிழமை தெருப் பொம்பளைங்க வந்து விளக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க வீட்டுக் கிணறெல்லாம் மூடிக் கிடக்கு, நம்ம வீட்டுக் கிணத்தைச் சுத்தி வந்து மழை வேண்டிக்கிட்டாங்க.

அத்தானுக்கு இது தெரியுமான்னு கேக்கீங்களா? தெரியாம இருக்குமா? அன்னைக்குச் சாயந்தரம் ஆபீஸ்லேருந்து வந்தாரு.

"நாப்பத்து நாலும் மூடியாச்சு மாப்ளே" அப்படின்னாரு.

"நாப்பத்து மூணு அத்தான்" அப்படின்னேன்.

"நாப்பத்து நாலுன்னு ரிஜிஸ்தர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்" அப்படின்னுட்டு, பிள்ளையாரைப் பார்க்காம உள்ள போயிட்டாரு.

இப்பப் புரியுதா? நீங்க கொண்டாந்த நோட்டீஸே செல்லாது. ரிஜிஸ்தர்படி இது மூடின கிணறு. மூடின கிணத்தை எப்படி சார்வாள் மூடுவீங்க? மூடினா அதுவரைக்கும் திறந்திருந்துச்சுன்னு ஆகும். அப்படி ஆச்சுன்னா அத்தான் பொய்க் கையெழுத்துப் போட்டாருன்னு ஆகும். படத்தைத் திறப்பாங்களா, இல்லை சுவத்துப் பக்கம் திருப்பி வைப்பாங்களா? உங்க கையில இருக்கிறது என் கிணறு இல்லை, அந்த மனுஷன் பேரு. அதுக்குத்தான் இத்தனையும் சொல்லுதேன்.

மேயர் வீட்டுப் பொம்பளையே குழாயடிக்கு வரலைன்னா ஊர் என்ன பேசும்? அதுக்கும் ஒரு வழி பண்ணினேன். அக்கா தினம் ரெண்டு குடத்தை எடுத்துக்கிட்டு நாலு பேர் பார்க்கத் தெருக்குழாய்க்குப் போவா. பிடிச்சு இடுப்புல வெச்சுக்கிட்டு வருவா. கொல்லைக்கு வந்ததும் அப்படியே வாழைக்கு ஊத்திருவா. குழாய்த் தண்ணி வாழைக்கு, கிணத்துத் தண்ணி நமக்கு. யாருக்கு என்ன நஷ்டம்?

வடிவுதான் தொந்தரவு. அந்தப் பிள்ளைக்கு அப்பான்னா உசிரு. குழாய்த் தண்ணின்னு சொல்ல மாட்டா, அப்பா தண்ணிம்பா. பள்ளிக்கூடத்துல பூராப் பிள்ளைங்ககிட்டயும் அதே பெருமை. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வர்றா, நான் எதுக்க வர்றேன், தெருக்குழாய்ல ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சிட்டிருக்கா. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. ஓடிப் போய்ப் பிடிச்சேன். துப்பு, துப்புன்னு முதுகுல தட்டினேன். பயந்து போய்த் துப்பினா. துப்பிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்து, 'மாமா, அப்பா தண்ணி இனிக்குது மாமா'ங்கா. அறியாப் பிள்ளை நாக்கு, அதுக்கு என்ன தெரியும்? வீட்டுக்குக் கூட்டியாந்து பிள்ளையார் தலையில கையை வெச்சு சத்தியம் வாங்கினேன். இனிமே நம்ம வீட்டுத் தண்ணியைத் தவிர எதையும் தொட மாட்டேன்னு. அதுக்குப் பிறகு அவ குழாய்ப் பக்கமே போகலை. சொன்ன சொல்லைக் காப்பாத்துற பிள்ளை சார்வாள் அது.

அந்த ஐப்பசியில மழைன்னா மழை, நாலு நாள் விடாம ஊத்திச்சு. சாக்கடை நிறைஞ்சு கொல்லைக்குள்ள வந்துருச்சு, முழங்காலளவு. கிணத்துக்குள்ளயும் கொஞ்சம் எறங்கிச்சு. பிள்ளையார் நனையலை, அதைச் சொல்லணும். தண்ணி கலங்கலா இருந்துச்சு, நான் படிகாரம் போட்டுத் தெளிய வெச்சேன். பார்க்கக் கண்ணாடியா ஆயிருச்சு.

எட்டாம் நாள் காலையில வடிவுக்கு வயிறு போக ஆரம்பிச்சுது.

ஊர்ல அந்த வருஷம் வாந்திபேதியே இல்லை. எங்க தெருவுல அறுபது வீடு. அறுபதுல ஒரு வீட்டுலதான் வந்துச்சு, எங்க வீட்டுல. டாக்டர் வந்தாரு, ஊசி போட்டாரு. அத்தான் ஆபீஸுக்குப் போகாம உக்காந்திருந்தாரு. பிள்ளை தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தா. 'அப்பா தண்ணி குடுங்க மாமா'ம்பா. இந்தாம்மா அப்பா தண்ணின்னு சொல்லி என் கையாலதான் குடுத்தேன். எதைக் குடுப்பேன்? நம்ம கிணத்துத் தண்ணியைத்தான் குடுத்தேன். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு மாட்டுத் தோல் தண்ணியா குடுப்பாங்க? மறுநாள் மத்தியானம் போயிட்டா.

இருங்க சார்வாள். ஒரு நிமிஷம்.

எல்லாம் அந்தக் குழாய்த் தண்ணியாலதான். அன்னைக்குக் குடிச்சாளே, துப்புறதுக்கு முந்தி ரெண்டு வாய் உள்ள போயிருக்குமில்லா? எத்தனை நாளைக்கு முந்தியா? மூணு மாசம் இருக்கும். அப்படிப் பார்க்காதீங்க. சில விஷம் நின்னு கொல்லும்.

அதுக்குப் பிறகுதான் அத்தானுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஆபீஸுக்குப் போய் ராஜினாமாக் கடிதாசியைக் குடுத்துட்டு வந்தாரு. காரணம் கேட்டாங்களாம். பேனாவை மட்டும் வெச்சுட்டு வந்துட்டாராம். வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு. 'குழாய்த் தண்ணி குடிச்ச வீடெல்லாம் நல்லாருக்கு மாப்ளே.' அதோட என்கிட்டப் பேச்சு நின்னு போச்சு. நாலு வருஷம் இருந்தாரு, அந்த நாலு வருஷமும் வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை. தாகம் எடுத்தா எந்திரிச்சு தெருவுக்குப் போவாரு. அந்தக் குழாய்ல ரெண்டு கையையும் ஏந்திக் குடிப்பாரு. மேயரு சார்வாள். நாலு பேர் பார்க்க. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. கிணத்தை மூடணும்னு அவர் வாயைத் திறக்கலை. எப்படித் திறப்பாரு? மூடியாச்சுன்னு கையெழுத்துப் போட்டவரு அவரு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். அவர் போன பிறகும் நான் விடலை. இன்னைக்கும் பன்னிரண்டு குடம், இந்தக் கையால. அக்காகிட்ட ஒப்படைச்சிருவேன், அவ அடுக்களையில ஊத்தி வெச்சுக்குவா. தெருக்குழாய்க்கு இன்னமும் போறா, ஊர் வாய்க்கு. நம்ம வாழையைப் பார்த்தீங்களா? ஒவ்வொரு குலையும் ஒரு ஆள் உயரம்.

சரி, இப்பக் குடுங்க அந்த நோட்டீஸையும் கூட வெச்சிருக்கிற மனுவையும். சுப்பையா முதலியார் என்னதான் எழுதியிருக்கான்னு பார்ப்போம். கண்ணாடி இல்லை, நீங்களே படிங்க. கீழ உள்ள பேரை மட்டும் படிங்க, போதும்.

யாரு?

எந்த ஆவுடையம்மாள்? இந்தத் தெருவுல வேற ஆவுடையம்மாள் கிடையாதே. எங்க அக்காவுக்கு எழுதத் தெரியாது சார்வாள். கொண்டாங்க, எழுத்தைக் காட்டுங்க. இது குழந்தை எழுத்துல்லா. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாயுது.

அக்கா, இங்க வா. வெளிய வா, பரவாயில்லை. இது நீயா? எப்பப் படிச்சே நீ? வடிவு சிலேட்டை வெச்சுப் படிச்சியா? அவ படிச்சிட்டு வந்து உனக்குச் சொல்லிக் குடுப்பாளா? எனக்குத் தெரியாதே. சரி, ஏன் எழுதினே? படம் திறக்கிற நேரத்துல, ஏன்?

தண்ணீர்ப்பந்தலா? அதுக்கு என்ன?

ஊர்ப் பிள்ளைங்க குடிச்சிரும்ங்கியா? குடிக்கத்தானே அக்கா பந்தல் வைக்கிறது? நாம குடிக்கலையா, பதினோரு வருஷமா நான் இதைக் குடிச்சிட்டு...

என்னது?

இந்தா, இன்னொரு தடவை சொல்லு. நான் எறைச்சுத் தர்ற பன்னிரண்டு குடமும் வாழைக்கா? பாத்திரம் கழுவக் கூட இல்லையா? அப்ப அடுக்களையில இருக்கிற தண்ணி பூராவும் குழாய்த் தண்ணியா? ரெண்டு குடம்னு சொல்லிட்டு எத்தனை நடை போறே நீ? வடிவு போன மறுநாள்லேருந்தா? என்கிட்ட ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நான் குழாய்த் தண்ணியைக் குடிக்காம இருந்திருப்பேன்னா? ஆமா, இருந்திருப்பேன். செத்திருப்பேன்னு சொல்லுதியா.

சார்வாள், அந்தச் செம்புல மிச்சம் இருக்கா? இப்படிக் குடுங்க.

ஆமா. இனிக்குது.

வடிவு அன்னைக்கே சொன்னா சார்வாள். இனிக்குது மாமான்னு என் முகத்தைப் பார்த்துச் சொன்னா. நான்தான் துப்பச் சொன்னேன்.

என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. திறந்துதான் இருந்துச்சுன்னே எழுதுங்க. படம் கிடக்கட்டும். ஆளை வரச் சொல்லி மூடச் சொல்லுங்க, இன்னைக்கே மூடச் சொல்லுங்க. அதுக்கு முந்தி பிள்ளையாரை எறக்கணும். நீங்க ஒரு பக்கம் பிடிங்க. தினம் ஒத்தையிலதான் தூக்குவேன், இன்னைக்கு என்னால முடியாது.